கடன் அடைந்தால் மனச்சோர்வு போய்விடுமா?

பேரேடு (கண்டனூர்):
மாத்திரைச் சீட்டுக்கு முன்னால் கடன் சிட்டையைப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி. தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அசல் தினமும் குறைவதால் உண்மையான வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு நூறைத் தாண்டிவிடும். விடிந்தால் வாசலில் வசூல்காரர் வண்டி நிற்கும் வீட்டில் தூக்கம் எப்படி வரும்? இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்க உதவி போன பகுதிகளில் தற்கொலை 18 சதவீதம் குறைந்ததாக 2019இல் வந்த ஆய்வு சொல்கிறது.

செவிலி (தேவகோட்டை):
அந்த ஆய்வை நான் மறுக்கவில்லை அண்ணே. ஆனால் சிட்டையை எழுதுவது யார்? இந்த நோயில் கவனமும் முடிவெடுக்கும் தெம்பும் சீக்கிரமே போய்விடும். வங்கித் தபால் பிரிக்காமலே சாமி அலமாரி மேல் கிடக்கும். வட்டியை மட்டும் கட்டி மறுஅடகு வைத்திருந்தால் தப்பியிருக்கும் சங்கிலி, ஏல அறிவிப்பைப் படிக்காததால் போய்விடும்.

கவலைக்கும் நோய்க்கும் வித்தியாசம் பார்க்க பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைக் கேட்கும், கேள்விக்கு 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவு நினைப்பைப் பற்றியது. அதில் 1 வந்தாலும் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே பேசுங்கள்.

இரண்டாங்கட்டு (காரைக்குடி):
நீங்கள் இருவரும் கையில் காசில்லாதவரை மட்டுமே பேசுகிறீர்கள். நம் பக்கத்தில் வேறொரு வகை உண்டு. 1930களில் நெல் விலை விழுந்தபோது கடனுக்கு ஈடாகக் கீழ் பர்மா வயல்கள் அங்கே வட்டிக்கடை நடத்திய நம்மவர், அதாவது செட்டிநாட்டு நகரத்தார் கைக்கு வந்தன, 1937 வாக்கில் அங்குள்ள நெல் நிலத்தில் கால்வாசி. 1942இல் ஜப்பான் படை வந்ததும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. மிஞ்சியது பல குடும்பங்களுக்கு வீடுதான். பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடாமல் அதை விற்க முடியாது. ஓடு மாற்றக் காசிருக்காது, கோடி ரூபாய் வீட்டுக்காரர் என்ற பேர் மட்டும் இருக்கும். கடன் கேட்கவும் கூச்சம், அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கவும் கூச்சம். பிள்ளைகள் சிங்கப்பூரில், இங்கே வளவில் (முற்றமுள்ள பெரிய வீட்டில்) ஆச்சி மட்டும். மாதாமாதம் பணம் வருகிறது, ஆனால் பேச ஆளில்லை. அந்த ஆச்சிக்கு எந்தக் கடனை அடைப்பது, பேரேடு?

பேரேடு:
ஆச்சி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். கடன்காரர் விஷயத்தில் மாறமாட்டேன். ஒரே தாளில் ஐந்து பத்தி போடுங்கள்: யாரிடம், அசல், வட்டி, தவணை நாள், ஈடு. வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள். மூன்று ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம், அதை விட்டுவிட்டு வங்கி நகையை முதலில் திருப்புவது மானத்துக்காகச் செய்யும் தப்பு. வங்கி, நிதி நிறுவன வசூல் ஆட்கள் காலை 8க்கு முன்னும் மாலை 7க்குப் பின்னும் அழைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டலுக்கு 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை.

செவிலி:
அந்தத் தாளை நோயாளி தனியாக எழுத முடியாது, பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தபால் போதும். இன்னொன்று: கடனே நோயிலிருந்து வந்திருக்கலாம். தூக்கமே இல்லாமல் உற்சாகமாகச் செலவழித்த நாட்கள் முன்பு இருந்தனவா என்று கேளுங்கள். அது இருதுருவ நோயாக (மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வருவது) இருந்தால் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுப்பது ஆளை மறுபடி அந்த நிலைக்கே தள்ளிவிடக்கூடும். தைராய்டு ரத்தப் பரிசோதனையும் விடக்கூடாது. மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரக் குமட்டலுக்குப் பயந்து ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். வரிசையில் நிற்கக் கூச்சப்படுகிறவர் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்கு வீட்டிலிருந்தே தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

இரண்டாங்கட்டு:
குணமாகும்வரை வீட்டுப் பங்கை எழுதிக்கொடுப்பது, தூணைக் கழற்றி விற்பது எல்லாம் நிற்க வேண்டுமா?

பேரேடு:
வட்டி ஓடிக்கொண்டிருக்குமே ஐயா, ஆறு மாதம் எப்படிப் பொறுப்பது?

செவிலி:
ஆறு மாதம் வேண்டாம், தெளிவு வரும்வரை பொறுங்கள். அதற்குள் மறுஅடகு வைக்கலாம், தவணை கேட்கலாம், பிறகு மாற்றிக்கொள்ளக்கூடிய எதையும் செய்யலாம். பத்திரத்தில் கையெழுத்தும், காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகும் தேக்குத் தூணும் மட்டும் காத்திருக்கட்டும்.