வலிப்பு மாத்திரையும் எச்.ஐ.வி மாத்திரையும்: தம்பிக்கு ரத்தத்தில் வைரஸ் இறங்கவில்லை

சாட்ஸ்வொர்த் அக்கா:
தென்னாப்பிரிக்கா டர்பனிலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு வயது 34. பள்ளிக்கூட நாளிலிருந்தே வலிப்பு. காலையும் இரவும் டெக்ரெட்டால். போன வருடம் எச்.ஐ.வி என்று தெரிந்து, கிளினிக்கில் டி.எல்.டி கொடுத்தார்கள். இரவு ஒரே மாத்திரை. அவன் விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் படுப்பேன், ஒரு நாள் தவறியதில்லை. ஆனால் இந்த மாதம் வைரஸ் கணக்கு 1,840. 50-க்குக் கீழே இருக்க வேண்டுமாம். மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று நர்ஸ் அவனைத் திட்டினார். பாவம், தலையைக் குனிந்துகொண்டே நின்றான்.

என் மேலும் தப்பு இருக்கிறது. காவடிக்குச் சொந்தக்காரர்கள் வந்து தங்குவார்களே என்று டி.எல்.டி டப்பாவின் லேபிளைக் கிழித்து, வெந்தய டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். வலிப்பு மாத்திரை வாங்குவது வேறு ஆஸ்பத்திரியில். அதைப் பற்றிக் கிளினிக்கில் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை. டெக்ரெட்டாலை ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கலாமா?

மருந்துக்கடைக்காரன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
நிறுத்தவே கூடாது அக்கா. திடீரென விட்டால் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

தம்பி பொய் சொல்லவில்லை. டி.எல்.டி-யில் மூன்று மருந்து. அதில் டோலுடெக்ராவிர்தான் முதுகெலும்பு. டெக்ரெட்டாலில் உள்ள கார்பமாஸிபைன் கல்லீரலை முடுக்கிவிடுகிறது. அது டோலுடெக்ராவிரைச் சீக்கிரமே உடைத்துத் தள்ளிவிடும், ரத்தத்தில் போதுமான அளவு நிற்காது. இப்படியே விட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். ஃபெனிட்டாயின், ஃபினோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்துகள் இரண்டும் இதே ரகம்.

வழி இரண்டு. ஒன்று, டி.எல்.டி போட்டு 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மி.கி. தனியாக இன்னொன்று. டி.பி-க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கும் இதைத்தான் கொடுப்பார்கள், அதனால் கிளினிக்குக்குப் புதிதல்ல. மற்றொன்று, டாக்டர் பார்த்து வலிப்பு மருந்தையே மெல்ல மாற்றுவது: லெவெடிராசெட்டாம், லாமோட்ரிஜின், எபிலிம். (பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு எபிலிம் வேண்டாம்.) மாற்றினாலும் டெக்ரெட்டாலின் வேகம் உடனே அடங்காது, இரண்டு வாரம் கூடுதல் மாத்திரை தொடர வேண்டும். டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் கேப் டவுன் பல்கலைக்கழக மருந்துத் தகவல் மையத்தைக் கூப்பிடச் சொல்லுங்கள். இதற்கென்றே இருக்கிறார்கள்.

லெனேசியாக்காரன்:
நானும் இரண்டும் சாப்பிடுகிறேன். லாமோட்ரிஜினுக்கு மாறினேன், வாரக்கணக்கில் கொஞ்சங் கொஞ்சமாகத்தான் ஏற்றினார்கள், அவசரப்பட்டால் தோலில் மோசமான தடிப்பு வரும். முன்பு லோபினாவிர் என்ற எச்.ஐ.வி மருந்தைச் சாப்பிட்டபோது லாமோட்ரிஜின் ரத்தத்தில் பாதியாகக் குறைந்து, குளிக்கும்போது வலிப்பு வந்து விழுந்தேன். முன்பல் போனது அன்றைக்குத்தான். எச்.ஐ.வி மருந்தை எப்போது மாற்றினாலும் வலிப்பு மாத்திரையை ஞாபகப்படுத்துங்கள் அக்கா. வயிற்றெரிச்சலுக்கு அன்டாசிட் குடித்தால் அதையும் சொல்லுங்கள். டோலுடெக்ராவிருக்கு அதுவும் ஆகாது.

சாட்ஸ்வொர்த் அக்கா:
இன்று போய் வந்தோம். இரண்டு டப்பாவையும் மேசையில் வைத்தேன். டாக்டர் டெக்ரெட்டாலைக் கையில் எடுத்ததுமே "ஓ" என்றார். காலைக்கு ஒரு டோலுடெக்ராவிர் சேர்த்திருக்கிறார், மூன்று மாதத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. வலிப்பு டாக்டருக்கும் கடிதம் கொடுத்தார். வெளியே வந்ததும் தம்பி, "நான் ஒழுங்காத்தான் போட்டேன்னு அந்த நர்ஸ்கிட்ட சொல்லணும்க்கா" என்றான். திரும்ப உள்ளே போனோம். அவர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, சொல்லிவிட்டுத்தான் வந்தான்.