தே தாரேக்கை விட்டால் எடை குறையுமா?

ஜெலுத்தோங்_அக்கா:
போன தைப்பூசத்தில் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து இரண்டே மாற்றம்தான் செய்தேன். இனிப்பு டின்பால் ஊற்றி ஆற்றிய தே தாரேக்குக்குப் பதில், பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங். வேலை முடிந்து வரும்போது ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பது. எட்டு மாதத்தில் 6 கிலோ குறைந்திருக்கிறது. சோற்றை விடவில்லை, பட்டினி கிடக்கவில்லை. எடை குறைக்க மாதாமாதம் பணம் கட்டி மாவு கரைத்துக் குடிக்கிறவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

செந்தூல்_காரன்:
அக்கா, உங்களுக்குக் குறைந்ததில் சந்தோஷம். ஆனால் எல்லோருக்கும் இதுவே போதும் என்று சொல்லாதீர்கள். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி, தினம் 100 கலோரி குறைத்தால் வருஷத்தில் கிட்டத்தட்ட 5 கிலோ போய்விடும் என்ற கணக்கை நானும் நம்பினேன். எடை இறங்க இறங்க உடம்புக்குத் தேவைப்படும் சக்தியும் குறைகிறது. அதனால் அதே 100 கலோரி அப்புறம் பலன் தருவதில்லை. நான் 104 கிலோ இருந்தேன். சீனியை விட்டேன், மின்தூக்கியை விட்டு நாலு மாடி ஏறினேன். 2 கிலோ இறங்கி அப்படியே நின்றுவிட்டது. உணவியல் நிபுணரிடம் போய், சாப்பிடுவதையெல்லாம் அளந்து எழுத ஆரம்பித்த பிறகுதான் 90க்கு வந்தேன்.

இன்னொன்று. 2019 ஜூலையிலேயே மலேசியாவில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டார்கள். ஆனாலும் அந்த ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் அளவுக்கு மேல் எடை உள்ள பெரியவர்கள் 50.1 விழுக்காடு, 2023இல் 54.4. சின்னச் சின்ன மாற்றம் எங்கே போயிற்று?

ஜெலுத்தோங்_அக்கா:
தம்பி, அந்த வரி புட்டி, டின்னில் வரும் பானத்துக்குத்தானே? இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் ஆற்றிக் கொடுக்கும் தேநீருக்கு ஏது வரி? ஒருநாள் தேநீர் கலக்குபவர் பக்கத்தில் நின்று பாருங்கள். டின்பாலை இரண்டு கரண்டி நிறைய ஊற்றுவார். கரண்டியின் அடியில் ஒட்டியதையும் குவளை விளிம்பில் வழித்துவிடுவார். அதுவே ஏறக்குறைய 130 கலோரி. நான் ஒரு நாளைக்கு மூன்று குடித்தவள். கிட்டத்தட்ட 400! மாற்றியது ஒரே ஒரு பழக்கம், ஆனால் குறைந்த அளவு உங்கள் 100 இல்லையே.

பாயான்_லெப்பாஸ்_இரவு:
நீங்கள் இரண்டு பேரும் பகலில் வேலை செய்கிறவர்கள். எனக்கு 12 மணி நேர இரவு ஷிப்ட். விடியற்காலை 2 மணிக்கு கேன்டீனில் மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும்தான் மிச்சம் இருக்கும். தேநீர் குடிக்காவிட்டால் கண் சொருகும். காலை 7 மணிக்கு வெளியே வந்து நடந்தால் தூங்குவது எப்போது? மூன்று வருஷத்தில் 11 கிலோ ஏறிவிட்டது. பழக்கத்தை மாற்று என்கிறீர்கள், என் பழக்கத்தை முடிவு செய்வதே தொழிற்சாலை மணிதான்.

செந்தூல்_காரன்:
தம்பி சொல்வது நியாயம். அக்கா, மூன்று தேநீர்க் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். நான் குடித்ததே ஒன்றுதான், அதனால்தான் எனக்குச் சீக்கிரம் நின்றுபோனது போல. ஆனால் என் மாதிரி நூறைத் தாண்டியவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதில் மாற்றம் இல்லை. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஜெலுத்தோங்_அக்கா:
பாயான் லெப்பாஸ் தம்பி, நடப்பதை விடுங்கள், தூக்கம்தான் முக்கியம். தேநீரில் பாலை மட்டும் நிறுத்துங்கள், கண் சொருகாமல் வைப்பது பால் இல்லை. அப்புறம், வீட்டிலிருந்து ஒரு டப்பா கொண்டுபோக முடியுமா? பாதி காய்கறி, கால் சோறு, கால் முட்டையோ மீனோ. கிளினிக் சுவரில் ஒட்டியிருக்குமே, மலாயில் 'சூக்கு சூக்கு செபாரோ', அதாவது கால், கால், பாதி, அதுதான்.

பாயான்_லெப்பாஸ்_இரவு:
டப்பா முடியும் அக்கா. மனைவி இரவுச் சமையலில் ஒரு பங்கு எடுத்து வைப்பதாகச் சொல்கிறாள். நாளை கொத்தவரங்காய்ப் பொரியலும் இரண்டு அவித்த முட்டையும். இன்று காலை 86.4 கிலோ. அடுத்த மாதம் இதே தேதியில் வந்து எழுதுகிறேன்.