செடியிலேயே விளையும் மக்கும் பிளாஸ்டிக்: இலையா, விதையா, தொட்டியா?

பசுங்கணிகம்:
பி.எச்.பி. என்னும் மக்கும் பாலியெஸ்டரைப் பாக்டீரியா வளர்க்கும் நொதித்தல் தொட்டியில் செய்ய, ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 3 டன் குளுக்கோஸ் போகிறது. காற்றடிப்பும் கிருமிநீக்கமும் தனிச் செலவு. அந்தச் சர்க்கரையைச் செய்ததே செடிதான், நடுவில் தொட்டி எதற்கு? குப்ரியாவிடஸ் நெக்கேட்டர் பாக்டீரியாவிலிருந்து மூன்று மரபணுக்கள் போதும். முதல் நொதி, செல்லில் இருக்கும் இரு-கார்பன் மூலப்பொருளான அசிட்டைல் கோஏ-வில் இரண்டை இணைக்கும், இரண்டாவது அதில் ஹைட்ரஜனைச் சேர்க்கும், மூன்றாவது சங்கிலியாகக் கோக்கும். 1992-லேயே அராபிடாப்சிஸ் என்னும் ஆய்வகச் செடியில் பின்னிரண்டு மரபணுக்களை மட்டும் வைத்தே செய்து காட்டியாயிற்று, முதல் நொதி செடியிடமே இருந்தது.

தொட்டிக்காரன்:
காட்டினாங்க சரி, எவ்வளவு கிடைச்சுது? உலர் எடையில 0.1% அளவு. செடி குட்டையாச்சு, விதையும் குறைஞ்சுது.

பசுங்கணிகம்:
அது இடம் தப்பியதால் வந்தது. அப்போது நொதிகள் செல்லின் பொதுக் கூழான சைட்டோபிளாசத்தில் இருந்தன, அங்கே அசிட்டைல் கோஏ கையிருப்பு சொற்பம். கொழுப்பு அமிலம் தயாராகும் கணிகத்துக்குள் (பசுங்கணிகம் போன்ற செல் உறுப்பு) மூன்று நொதிகளையும் அனுப்பியதும் 1994-ல் 14% வரை ஏறியது. 2000-ல் 40%.

தொட்டிக்காரன்:
அந்த 40% செடியோட உயரத்தையும் சேர்த்துச் சொல்லுங்க, குள்ளம். சதவீதம் ஏறி மொத்த நிறை இறங்கினா ஹெக்டேருக்கு என்ன மிஞ்சும்? 5% இருக்கிற இலையில ஒரு டன் எடுக்க 20 டன் உலர் இலையை அறுத்து, காயவெச்சு, அரைச்சு, கரைப்பான்ல போடணும். தொட்டியில செல் எடையில 80% பாலிமர், அதனால 1.25 டன் செல் போதும். இன்னொண்ணு, குளோரோஃபார்ம் கரைப்பான்ல 5%க்கு மேல பி.எச்.பி. கரைஞ்சா பாகு மாதிரி ஆயிடும், வடிகட்டவே முடியாது. அப்போ ஒரு பங்கு பாலிமருக்கு 20 பங்கு கரைப்பான். பாக்டீரியாவுக்கு ஹைப்போகுளோரைட் ஊத்தி செல்லைக் கரைச்சுடலாம், பாலிமர் சங்கிலி கொஞ்சம் அறுபடும், அவ்வளவுதான். செடியோட செல்லுலோஸ் அதுக்கு மசியாது. மக்காச்சோளத் தட்டையில செஞ்சா கிலோவுக்கு, பாலிஎத்திலீனுக்கு ஆகிற 29 மெகாஜூலை விட 300% கூடுதல் ஆற்றல் ஆகும்னு 2000-ல கணக்குப் போட்டவங்க கெர்ன்கிராஸும் ஸ்லேட்டரும். ஸ்லேட்டர் இந்தச் செடி ஆய்விலேயே இருந்தவர்.

பசுங்கணிகம்:
பிழிந்த சக்கையை எரித்தால் நீராவியும் மின்சாரமும் கிடைக்குமே. அந்த வரவை எந்தக் கணக்கில் வைக்கிறீர்கள்?

விதைக்கூடு:
சதவீதச் சண்டைக்கு முன் ஒன்று: எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். பாலிமரைக் காட்டும் நைல் ரெட் சாயம் எண்ணெய்த் துளியிலும் ஒளிரும், அதை மட்டும் நம்பிச் செடியைத் தேர்ந்தால் ஏமாற்றம்தான். கந்தக அமிலத்தில் சூடாக்கி பி.எச்.பி. சிதைந்து வரும் குரோட்டானிக் அமிலத்தை 235 நானோமீட்டர் ஒளியில் பார்க்கும் முறையிலும் சர்க்கரைகள் குறுக்கே வரும். உலர்ந்த தூளை முதலில் சூடான மெத்தனாலில் கழுவிப் பச்சையத்தையும் கொழுப்பையும் நீக்குங்கள். பிறகு குளோரோஃபார்ம், அமிலம் கலந்த மெத்தனால், ஒப்பிட்டு அளக்க அகத்தரமாக பென்சாயிக் அமிலம் சேர்த்து 100 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கி, வாயு குரோமட்டோகிராஃபியில் பாருங்கள். மூன்று மரபணுவுக்கும் ஒரே 35எஸ் தூண்டியை (மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. வரிசை) போடுவதும் வீண். திரும்பத் திரும்ப வரும் ஒரே வரிசையைச் செடி அடக்கிவிடும்.

எல்லா இலையும் ஒன்றுமல்ல. கரும்பில் பாலிமர், இலை நரம்பைச் சூழ்ந்த கற்றை உறைச் செல்களில்தான் சேர்கிறது, அவற்றுக்கு வெளியே உள்ள இலையிடைச் செல்களில் ஏறக்குறைய இல்லை. காரணம் முதல் நொதி. அதன் வினை இயல்பாகவே பின்னோக்கிச் சாயும். அதற்குப் பதில் மலோனைல் கோஏ-வை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும் நொதியை வைத்தால் வினை திரும்பாது, இலையிடைச் செல்லிலும் பாலிமர் தெரியும்.

நான் விதையின் பக்கம். கேமலினா என்னும் எண்ணெய் வித்துப் பயிரில் முதிர்ந்த விதை எடையில் 15% வரை வந்தது. விதை காய்ந்தே வருகிறது, சேமிக்கலாம். எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ஹெக்சேனில் பி.எச்.பி. கரையாது என்பதால் முதலில் எண்ணெயை எடுத்து விற்றுவிட்டு, புண்ணாக்கிலிருந்து பாலிமரை எடுக்கலாம்.

தொட்டிக்காரன்:
ஹெக்டேருக்கு 1.5 டன் விதைன்னு வெச்சாலும் 225 கிலோ. சரி, அந்த விதை முளைக்குதா?

விதைக்கூடு:
கேட்க வேண்டிய கேள்வி அதுதான். உயர் அளவு விதைகளில் முளைப்பு பலவீனம், வித்திலை வெளிறுகிறது. பி.எச்.பி.யை உடைத்து உணவாக்கும் நொதி செடிக்குக் கிடையாது. கணிகம் நிறையப் பாலிமர் துகளோடுதான் நாற்று எழ வேண்டும்.

பசுங்கணிகம்:
இரண்டு பெற்றோராகப் பிரித்துவிடலாமே. ஒன்றில் முதல் இரு மரபணு, மற்றதில் மூன்றாவது. பெற்றோர் விதை எதிலும் பாலிமர் இராது.

தொட்டிக்காரன்:
பெற்றோர்ல இராது. ஆனா விவசாயி விதைக்கிறது கலப்பு விதை. அந்தக் கருவுக்குள்ளேயே மூணும் சேர்ந்துடும், விதைத் தூண்டி அங்கேயே வேலையைத் தொடங்கிடும். முளைக்க வேண்டிய விதையிலதான் துகள் நிறையும்.

விதைக்கூடு:
அது சரி. அப்படியானால் வெளியிலிருந்து முடுக்கும் தூண்டிதான் வழி. 2005-ல் புகையிலைக் கணிகத்தில் எத்தனாலால் முடுக்கினார்கள். கணிகத்தின் டி.என்.ஏ.வில் வைத்த மரபணு பெரும்பாலும் தாய்வழியே போகும், மகரந்தத்தில் பரவுவதும் குறையும்.

தொட்டிக்காரன்:
புகையிலை இலை வேற, காய்க்குள்ள மூடிக் கிடக்கிற விதை வேற. பூத்து சில வாரத்துக்குள்ள, எல்லாக் காய்க்கும் ஒரே அளவா எத்தனால் போய்ச் சேரணும். அடிக்காய்க்கும் நுனிக்காய்க்கும் வயசே ஒண்ணில்லையே.

பசுங்கணிகம்:
அதனால்தான் இலை என்கிறேன். அறுப்புக்கு முன் தெளித்தால் போதும், முளைப்பைப் பற்றிய கவலையே இல்லை.

தொட்டிக்காரன்:
திரும்ப அந்த 20 டன் இலைக்கே வந்துட்டீங்க.