உடலின் திசைகளைக் கற்றுக்கொண்ட அனுபவம்

தாதிமைப் பயிற்சியில் புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் மிரள்வது பெயர்ப்பட்டியலைக் கண்டுதான். வளர்ந்த மனிதருக்கு 206 எலும்புகள் என்று படித்ததும், அத்தனையையும் உருப்போட வேண்டுமோ என்ற கலக்கம் எங்கள் வகுப்பிலும் பரவியது. ஆனால் முதலில் மனத்தில் பதிய வேண்டியவை, உடலில் ஓர் இடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று குறிக்கும் திசைச்சொற்களே என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். அவை பிடிபட்ட பிறகு பெயர்களை நினைவில் வைப்பது பெரிய பாடாக இல்லை.

இச்சொற்கள் அனைத்துக்கும் அடிப்படை, உடற்கூற்று நிலை எனப்படும் ஒரே தோற்றம்தான். நிமிர்ந்து நின்று, நேரே பார்த்து, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்னோக்கித் திருப்பியிருப்பதாகக் கொள்ள வேண்டும். நோயாளி மல்லாந்து படுத்திருந்தாலும், குப்புறக் கிடந்தாலும், நாம் விவரிப்பது இந்த நிலையை வைத்தே. இடம், வலம் என்பவையும் நோயாளியுடையவை. எதிரே நிற்கும் நம்முடையவை அல்ல. மார்பு எக்ஸ்ரேயையும் நோயாளி நம்மைப் பார்த்து நிற்பதுபோலவே வைத்துப் பார்ப்பதால், இடப்பக்கம் சாய்ந்த இதயம் படத்தில் நமக்கு வலப்புறமாகத் தெரிகிறது.

உள்ளங்கை ஏன் முன்னோக்கியிருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டபோது, எங்கள் ஆசிரியை விளக்கம் எதுவும் சொல்லாமல், அவரவர் முன்கையை மறு கையால் பற்றிக்கொண்டு உள்ளங்கையை மெல்லக் கவிழ்க்கச் சொன்னார். கட்டைவிரல் பக்கமுள்ள ரேடியஸ் எலும்பின் கீழ்முனை, சுண்டுவிரல் பக்கமுள்ள அல்னாவின் மேலாகக் குறுக்கே நகர்வதை எங்கள் விரல்களே உணர்ந்தன. உள்ளங்கை முன்னோக்கியிருக்கும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ரேடியஸ் வெளிப்புறம், அதாவது லேட்டரல். அல்னா நடுக்கோட்டுப் பக்கம், அதாவது மீடியல். கையின் நிலையை வரையறுக்காவிட்டால் இந்த இரண்டு சொற்களுக்கும் பொருளே இல்லாமல் போய்விடும். மணிக்கட்டில் நாடி பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த வகுப்பு நினைவுக்கு வரும்.

பிராக்சிமல், டிஸ்டல் என்பவை பெரும்பாலும் கை கால்களுக்கு உரியவை. உடலோடு இணையும் இடத்துக்கு அருகிலிருப்பது பிராக்சிமல், விலகியிருப்பது டிஸ்டல். ஆகவே முழங்கை மணிக்கட்டுக்குப் பிராக்சிமல். இதில் சிரமம் ஒன்றும் இல்லை.

இச்சொற்களின் அருமை சமூக மருத்துவமனையில் பயிற்சி பெற்றபோதுதான் புரிந்தது. பெரும்பாலும் வலப்பக்கமாகவே ஒருக்களித்துப் படுக்கும் ஐயா ஒருவரின் வலது கணுக்காலில் தோல் சிவந்திருந்தது. மூத்த தாதி அதை ‘கணுக்காலில் சிவப்பு’ என்று விட்டுவிடாமல், ‘வலது கணுக்கால், லேட்டரல் மாலியோலஸ்’ என்று குறித்தார். அது கணுக்காலின் வெளிப்புறம் புடைத்திருக்கும் எலும்பு. ஒருக்களித்துப் படுக்கும்போது மெத்தையில் அழுந்துவதும் அதுவே. நோயாளியை அதுவரை பார்த்திராத இரவுப்பணித் தாதி, அந்தக் குறிப்பைப் படித்தே அவரை எந்தப் பக்கம் திருப்பக்கூடாது என்று தெரிந்துகொண்டார்.

அதே வார்டில் தமிழ்ப் பாட்டி ஒருவர், “நெஞ்சு வலிக்குது தாயி” என்றார். தாதிக்குத் தமிழ் தெரியாததால் என்னை அழைத்தார்கள். “பாட்டி, ஒரே விரலால் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்” என்றேன். அவருடைய விரல் நெஞ்செலும்புக்குக் கீழே, இரு விலா ஓரங்களுக்கும் நடுவே, மேல்வயிற்றில் போய் நின்றது. அவர் நெஞ்சு என்று சொன்னதையும், காட்டிய இடம் எப்பிகாஸ்டிரிக் பகுதி என்பதையும் சேர்த்தே தெரிவித்தேன். மாரடைப்பின் வலி சிலருக்கு அங்கேயும் தோன்றும் என்பதால், இடத்தை மட்டும் வைத்து வயிற்றுவலி என்று முடிவுகட்ட முடியாது. தாதி உடனே ஈசிஜி எடுத்து, மருத்துவருக்குத் தகவல் சொன்னார்.

பிற்பாடு பாட்டியின் மகள், பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அம்மாவை அழைத்துச் செல்லும்போது வலியை எப்படிச் சொல்வது என்று கேட்டார். இடமா வலமா, முன்புறமா பின்புறமா, தொப்புளுக்கு மேலா கீழா என்பவற்றை முதலில் அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு போகச் சொன்னேன். அம்மா சொன்ன சொல்லையும் அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.