பேக்வாஷ் செய்த சில மணி நேரத்திலேயே மணல் ஃபில்டர் அடைக்கிறது, மணலை மாற்றத்தான் வேண்டுமா?

ஓஎம்ஆர்வாசி:
வணக்கம். எங்கள் அப்பார்ட்மென்டில் 60 கேஎல்டி எஸ்டிபி (நாளுக்கு 60 ஆயிரம் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம்) இருக்கிறது. காற்றூட்டும் ஏரேஷன் டேங்க், கசடு அடியில் படியும் கிளாரிஃபையர், அப்புறம் மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், கடைசியில் குளோரின். அந்தத் தண்ணீர்தான் ஃபிளஷ் டேங்குக்கும் செடிகளுக்கும் போகிறது. கொஞ்ச நாளாகக் காலையில் பேக்வாஷ் செய்தால் (தண்ணீரைக் கீழிருந்து மேலாகத் திருப்பி விட்டு மணலைக் கழுவுவது) மதியத்துக்குள் மணல் ஃபில்டரின் உள்பக்க அழுத்த கேஜ் 2.5 கிலோவுக்கு ஏறிவிடுகிறது, வெளிப்பக்கம் 1.2 தான். வருகிற தண்ணீரும் கலங்கல், லேசாக வாடை வேறு. பராமரிப்பு பார்ப்பவர் மணல் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார். குடியிருப்பவர்களோ, பேசாமல் ஃபிளஷ் லைனை போர்வெல்லுக்கு மாற்றுங்கள் என்கிறார்கள். 2019 கோடையில் ஏரிகள் எல்லாம் வறண்டு லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த சென்னை இது, நல்ல தண்ணீரைக் கழிவறையில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. ஃபில்டர் விட்டம் 800 மிமீ, பம்ப் மணிக்கு 6 கன மீட்டர். மணலை மாற்றினால் சரியாகுமா?

பம்ப்ரூம்:
இப்போதைக்கு மணலில் கை வைக்காதீர்கள் சார். பேக்வாஷுக்குத் தனி பம்ப் உண்டா, அதே பம்ப்தானா?

ஓஎம்ஆர்வாசி:
அதே பம்ப்தான்.

பம்ப்ரூம்:
அங்கேதான் சிக்கல். 800 மிமீ விட்டத்துக்குப் பரப்பு அரை சதுர மீட்டர். வடிகட்டும்போது 6 கன மீட்டர் போனால் வேகம் மணிக்கு 12 மீட்டர், அது சரியான அளவு. ஆனால் பேக்வாஷில் மணல் உப்பி மேலே எழ வேண்டும், ஒன்றோடொன்று உரசினால்தான் ஒட்டியிருக்கும் சளி விடும், அதற்கு 30 முதல் 40 மீட்டர் வேகம் தேவை, உங்கள் ஃபில்டருக்கு மணிக்கு 15 முதல் 20 கன மீட்டர். 6 கன மீட்டரில் மணல் அசையவே அசையாது. அழுக்கும் மணலும் சேர்ந்து உருண்டை உருண்டையாகி, தண்ணீர் அதைச் சுற்றி சந்து பிடித்து ஓடுகிறது. அழுத்தமும் ஏறி, கலங்கலும் வருவது இதனால்தான். புது மணல் போட்டாலும் சீக்கிரமே இதே கதி. பெரிய பம்ப் ஒன்று பாருங்கள், முடிந்தால் ஏரேஷன் டேங்குக்குக் காற்று ஊதும் ப்ளோயரிலிருந்து ஒரு காற்று லைனும் இழுத்து முதலில் காற்றால் கலக்கிவிட்டு அப்புறம் தண்ணீர் விடுங்கள். ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், வெளியேறும் தண்ணீரில் மணல் வந்தால் உடனே குறையுங்கள்.

கசடு:
மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். ஃபில்டருக்கு என்ன வந்து சேர்கிறது என்று யாரும் கேட்கவில்லையே. கிளாரிஃபையரிலிருந்து வழிகிற தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். ப்ளோயர் 24 மணி நேரமும் ஓடுகிறதா?

ஓஎம்ஆர்வாசி:
கரண்ட் பில்லுக்காக ராத்திரி முழுக்க நிறுத்தச் சொல்லி கமிட்டி முடிவு. டம்ளரில் பழுப்புத் துணுக்குகள் மிதக்கின்றன. காலையில் கிளாரிஃபையர் மேலேயும் திட்டுத் திட்டாகக் கசடு, அடியிலிருந்து குமிழி வருகிறது.

கசடு:
அப்படியென்றால் தெளிவு. கசடு கிளாரிஃபையர் அடியில் ரொம்ப நேரம் கிடந்தால், அதிலுள்ள கிருமிகள் நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக்கும், அந்தக் குமிழி கசடைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். ராத்திரி காற்றில்லாமல் போவதால் டேங்கும் அழுகத் தொடங்கும், வாடைக்குக் காரணம் அதுதான். ப்ளோயரை விடிய விடிய நிறுத்தாதீர்கள், கசடை ஏரேஷன் டேங்குக்குத் திருப்பி அனுப்பும் பம்ப் நிற்காமல் ஓடட்டும், மிஞ்சுகிற கசடை ஒழுங்காக வெளியேற்றுங்கள். ஏரேஷன் டேங்க் தண்ணீரை 1 லிட்டர் அளவு ஜாடியில் எடுத்து 30 நிமிடம் அசைக்காமல் வையுங்கள், கசடு 250 முதல் 400 மில்லிக்குள் படிந்து மேலே தெளிந்து நின்றால் நல்லது.

கோயம்பேட்டில் மெட்ரோ வாட்டரின் 45 எம்எல்டி (நாளுக்கு 4.5 கோடி லிட்டர்) கழிவுநீர் மறுசுத்திகரிப்பு ஆலையிலும் ஆர்ஓவுக்கு முன்னால் மணல் ஃபில்டர் இருக்கிறது, அந்தத் தண்ணீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அதனால் மணல் மேல் சந்தேகம் வேண்டாம். ஏற்கெனவே தெளிந்த தண்ணீரில் மிச்சமிருப்பதைப் பிடிக்கத்தான் மணல், கசடையே அதன் மேல் கொட்டினால் தாங்காது.

பம்ப்ரூம்:
கசடு சொல்வதை முதலில் செய்யுங்கள், கரண்ட் பில் தவிர வேறு செலவே இல்லை. அப்புறமும் மணலைப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீரை வடித்து மேல்மூடியைத் திறந்து, கைப்பிடி நீண்ட கரண்டியால் அள்ளிப் பாருங்கள். ஃபில்டருக்குள்ளோ டேங்குக்குள்ளோ யாரையும் இறக்காதீர்கள் சார், விஷவாயு தப்பிக்க ஒரு நிமிடம்கூடத் தராது. உருண்டைகள் நிறைய இருந்தால் மட்டும் மாற்றலாம், 0.5 முதல் 1 மிமீ வரை சலித்த ஃபில்டர் மணல், அடியில் கூழாங்கல் அடுக்கு. கட்டடத்துக்கு வாங்கும் எம்-சாண்ட் கூடவே கூடாது, தூள் அதிகம்.

ஓஎம்ஆர்வாசி:
ரொம்ப நன்றி இருவருக்கும். இன்று ராத்திரியிலிருந்து ப்ளோயரை ஓட்டச் சொல்லிவிட்டேன். குளோரினை மணல் ஃபில்டருக்கு முன்னால் விடலாமா, வாடை போகுமா?

கசடு:
முன்னால் விட்டால் கார்பன் அதைத் தின்றுவிடும். ஃபிளஷ் லைனுக்குப் போகும் டேங்கிலேயே விடுங்கள்.