கணினி சொன்ன கரைப்பானும் அந்த 40 சதவீதமும்

குடுவைக்காரன்:
"கரைப்பானை இனி ஆய்வகத்தில் தேட வேண்டாம், கணினியே வடிவமைத்துக் கொடுத்துவிடும்" என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். காட்டிய ஆதாரம், லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்களின் 2013 ஆய்வு. பினாசைல் புரோமைடு என்ற ஹாலைடும் பிரிடின் என்ற அமீனும் சேர்ந்து உப்பாகும் மென்ஷுட்கின் வினை. 1,341 கரைப்பான்களை அலசிக் கடைசியில் பிடித்தது நைட்ரோமீத்தேனை! வேகம் 40% கூடியதாம். வெப்பநிலையை ஐந்து டிகிரி ஏற்றினாலே ஏறக்குறைய அந்த 40% வந்துவிடுமே. இதற்கா இத்தனை மேளதாளம்?

அணுக்கணக்கன்:
மேதாவி நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 1,341-இல் வினைவேகத்துக்குக் குவாண்டம் இயற்பியல் கணக்குப் போட்டது ஒன்பதுக்கு மட்டும். அதை வைத்துக் கரைப்பானின் பண்புகளையும் வேகத்தையும் இணைக்கும் சமன்பாடு கண்டு, மற்றதையெல்லாம் சலித்தார்கள். அப்புறம் சோதனை செய்தும் சரிபார்த்தார்கள். 40% வெறும் காகிதக் கணக்கு இல்லை.

குடுவைக்காரன்:
சோதித்தது சரி. கணித்த லட்சணத்தைக் கேட்கிறேன். அறை வெப்பநிலையில் 40% என்பது வினை தாண்ட வேண்டிய ஆற்றல் தடையில் மோலுக்கு வெறும் 0.2 கிலோகலோரி வித்தியாசம். உங்கள் கணக்கு ஒரு கிலோகலோரிக்குள் வந்தாலே நீங்கள் கைதட்டிக்கொள்வீர்கள். அந்த ஒரு கிலோகலோரி பிசகினால் வேகம் ஐந்து மடங்குக்கு மேல் மாறும். ஐந்து மடங்கு ஆடுகிற தராசில் 40 சதவீதத்தை நிறுத்தீர்களா?

அணுக்கணக்கன்:
வினை ஒன்று, மாறுவது கரைப்பான் மட்டும். பிழை எல்லாவற்றிலும் ஒரே பக்கம் சாயும், எந்தக் கரைப்பானில் வேகம் அதிகம் என்ற வரிசை பெரிதாக மாறாது. இது அடிப்படை.

குடுவைக்காரன்:
"பெரிதாக" மாறாதா! 0.2-ஐப் பிடிக்க "பெரிதாக" போதுமா? ஆய்வகத்தில் வழக்கமாகப் புழங்கும் அசெட்டோநைட்ரைல், உங்கள் நைட்ரோமீத்தேன் இரண்டுக்கும் மின்காப்பு மாறிலி, அதாவது கரைப்பானின் முனைவுத்தன்மையைக் காட்டும் எண், 36-ஐ ஒட்டித்தான். இதைப் பழைய அட்டவணையைப் புரட்டுகிறவனே ஊகித்திருப்பான். கரைப்பானுக்கு ஏற்ப வேகம் மாறுவதை மென்ஷுட்கின் 1890-லேயே கணினி இல்லாமல் அளந்துவிட்டார்.

சும்மாவந்தவள்:
இருவரும் 40 சதவீதத்திலேயே நில்லுங்கள். நைட்ரோமீத்தேன் வெடிக்கும், பிரிடின் வகையறாவான அமீன் கலந்தால் இன்னும் சுலபமாக. 1958-இல் அமெரிக்காவில் அதை ஏற்றிய ரயில் தொட்டிவண்டிகள் வெடித்தன. பெரிய கலனில் யார் ஊற்றப் போகிறீர்கள்?

அணுக்கணக்கன்:
பாதுகாப்பையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்துத் தேடலாம், அம்மணி. கொதிநிலை, நச்சுத்தன்மை எதையும் சேர்க்கலாம்.

சும்மாவந்தவள்:
சேர்க்கலாம், சேர்க்கலாம். சேர்த்தால் உங்கள் 40% மிஞ்சுமா?

பழைய பிப்பெட்:
2008-இல் செயற்கை இழைக்கும் நெகிழிக்கும் மூலப்பொருளான அக்ரிலோநைட்ரைலின் உற்பத்தி குறைந்தது, அதன் துணைப்பொருளான அசெட்டோநைட்ரைலும் சந்தையில் காணாமல் போனது. எதை வாங்க முடியும் என்று உங்கள் நிரல் சொல்லுமா?

அணுக்கணக்கன்:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? போன மாதம் அயனித் திரவங்கள் (திரவமாகவே இருக்கும் உப்புகள்) பற்றிய விவாதத் திரியிலும் இப்படித்தான் நடுவில் புகுந்து குழப்பினீர்கள்.

பழைய பிப்பெட்:
அந்தத் திரியில் நான் கேட்ட பாகுநிலைக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. நினைவிருக்கிறதா?

குடுவைக்காரன்:
பிப்பெட் ஐயா, அதை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். கணக்கரே, 0.2 கிலோகலோரி. அதற்கு மட்டும் பதில்.

அணுக்கணக்கன்:
மேலே சொல்லியாயிற்று. படிக்கத் தெரிந்தால் படியுங்கள்.

குடுவைக்காரன்:
படித்தேன். "பெரிதாக" என்றுதான் இருக்கிறது.