கவுச்சோ படத்தில் சப்டைட்டில் போகப் போகப் பிந்துகிறது

'வே ஆஃப் எ கவுச்சோ' (1952; கவுச்சோ என்றால் அர்ஜென்டினாவின் கௌபாய்) பார்க்க மூன்று இரவாகப் போராடுகிறேன். ஜாக் டூர்னர் இயக்கி, ரோரி கல்ஹூன், ஜீன் டியர்னி நடித்து, அர்ஜென்டினாவிலேயே எடுத்த வண்ணப்படம். பாம்பாஸ் புல்வெளிக்காகவே வாங்கினேன்.

ஐரோப்பிய டிவிடி, நொடிக்கு 25 ஃபிரேம். சப்டைட்டில் தனியாக இறக்கியது. தொடக்கத்தில் சரி, அரை மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் பிந்துகிறது. நாயகன் பேசி முடித்து, குதிரையைத் தட்டிவிட்டுத் தூசியில் மறைந்த பிறகுதான் அவன் வசனம் கீழே வருகிறது!

வி.எல்.சி. வீடியோ பிளேயரில் சப்டைட்டில் தாமதத்தை மாற்றினேன். நடுவில் பொருந்தினால் தொடக்கம் கெடுகிறது. வேறு இரண்டு சப்டைட்டில் கோப்புகளும் இதே கதைதான். 24 ஃபிரேமுக்குச் செய்தவை என்று சந்தேகம்.

முழுக் கோப்பையும் 25 ஃபிரேமுக்கு ஒரேயடியாக மாற்றுவது எப்படி?